நீள்கொம்பு வண்டுகளுக்காக வனத்துறைக்கும் பல்லுயிர் வாரியத்துக்கும் ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு வனத்துறை, மாநிலப் பல்லுயிர் வாரியம் இரண்டின் அலுவலர்களுக்கும் வணக்கம்.

யானைக்கும் புலிக்கும் கணக்கெடுப்பு உண்டு. பட்டாம்பூச்சிக்குக்கூட இப்போது உண்டு. உணர்கொம்பு உடலைவிட நீளமாக வளரும் நீள்கொம்பு வண்டுகளை யாரும் எண்ணுவதில்லை. மாந்தோப்பும் காப்பித் தோட்டமும் வைத்திருப்பவர்களுக்கு இவற்றின் புழு நன்றாகத் தெரியும். தண்டுத் துளைப்பான் என்று திட்டிக்கொண்டே மருந்து வைப்பார்கள். பயிர் பக்கமே வராமல், காட்டில் பட்ட மரத்தைத் தின்று மண்ணாக்கும் மற்ற இனங்களைப் பற்றித்தான் நம்மிடம் தகவல் இல்லை.

இந்தியாவில் 1,500-க்கும் மேற்பட்ட இனங்கள் என்று 2017-ல் வெளியான பட்டியல் சொல்கிறது. ஆனால் கையில் இருக்கும் வண்டு எதுவென்று கண்டுபிடிக்க, இன்றைக்கும் 1906-ல் லண்டனில் அச்சான, பூச்சியியலாளர் சார்லஸ் கஹானின் தொகுதியைத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. அதுவும் முழுமையானதல்ல. ஆகப் பெரிய துணைக்குடும்பமான லாமினே அதில் இல்லை. தொடர்ந்து வரவேண்டிய பாகம் வரவே இல்லை. பின்னாளில் பாரிஸில் இருந்த ஸ்டீபன் ப்ரூனிங் ஆயிரக்கணக்கான லாமினே வண்டுகளுக்குப் பெயர் வைத்தார். விவரிப்பு பல சமயம் சில வரிகள்தான், படம் கிடையாது.

இதனால்தான் ‘தமிழ்நாட்டில் முதல் பதிவு’ என்ற அறிவிப்பைப் பார்த்தால் மகிழ்ச்சியோடு கொஞ்சம் சந்தேகமும் வருகிறது. அருங்காட்சியகங்களில் உலர்த்தி வைத்திருக்கும் பழைய வண்டு மாதிரிகளின் சீட்டில் ‘மெட்ராஸ்’ என்று இருக்கும். அன்றைய சென்னை மாகாணம் வடக்கே கஞ்சம் வரை, மேற்கே மலபார் வரை. அந்த வண்டு பிடிபட்டது இன்றைய ஒடிசாவிலா, கேரளத்திலா, நம் ஊரிலா? இன்னும் சிலவற்றில் ‘நீலகிரி மலைகள்’ என்று மட்டும். அடிவாரத்துக் கல்லாற்றின் பாக்குத் தோப்பும் அந்த ஒரு சீட்டில் அடங்கிவிடும், 2,637 மீட்டர் உயரத் தொட்டபெட்டாவும் அடங்கிவிடும். ஆக, முதல் பதிவு என்று நாம் கொண்டாடுவது நூறு வருடம் முன்பே பதிவானதாக இருக்கலாம்; பழைய பதிவு என்று நம்புவது நம் எல்லைக்குள் ஒருபோதும் பிடிபடாததாகவும் இருக்கலாம். பழைய சீட்டுகளைச் சரிபார்க்காமல் மாநிலப் பட்டியல் போட்டால் எண்ணிக்கைதான் ஏறும்.

படம் எடுத்தால் போதாதா என்று கேட்பீர்கள். மாமரத்து பட்டோசெரா மாதிரிப் பெரிய வண்டுகளை முதுகுப் புள்ளிகளை வைத்து ஓரளவு சொல்லிவிடலாம். சிறியவற்றுக்கு அது ஆகாது. ஒரு வண்டு லாமினேயா இல்லையா என்பதையே, வாயருகே உள்ள உணர்விழையின் கடைசிக் கணு கூராக இருக்கிறதா, முன்காலின் உட்புறத்தில் பள்ளம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் உறுதி செய்கிறோம். மேலிருந்து எடுத்த படத்தில் இரண்டும் விழாது. நெருங்கிய இனங்களைப் பிரிக்க ஆண் வண்டின் பிறப்புறுப்பை அறுத்தே பார்க்க வேண்டும். (உயிரோடு கையில் எடுத்தால் பல இனங்கள் மார்பைத் தேய்த்துக் கீச்சிடும். புதிதாக எடுப்பவர்கள் அந்தச் சத்தத்திலேயே கீழே போட்டுவிடுவார்கள்.)

நான் கேட்பது பெரிய திட்டம் இல்லை. உங்கள் கிடங்குகளிலும் சரகங்களிலும் காற்றில் முறிந்த, பட்டுப்போன கிளைகள் கிடக்கின்றன. அவற்றில் சிலவற்றை மரத்தின் பெயர், சரகம், உயரம், தேதி எழுதிய சீட்டோடு கம்பிவலைக் கூண்டில் போட்டு வையுங்கள். உள்ளே இருக்கும் புழு வண்டாகித் தானே வெளியே வரும். இரவில் விளக்குக்கு வரும் வண்டு எந்த மரத்தில் வளர்ந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. கூண்டில் வந்தால் தெரிந்துவிடும். டேராடூனில் வனப்பூச்சிகளை ஆராய்ந்த சி.எஃப்.சி. பீசன் 1941-ல் வெளியிட்ட நூலை இன்னும் புரட்டுகிறோம் என்றால், எந்தப் பூச்சிக்கு எந்த மரம் என்ற விவரத்துக்காகத்தான். பொறுமை மட்டும் வேண்டும். காய்ந்த மரத்தைத் துளைக்கும் ஸ்ட்ரோமேஷியம் போன்றவை, அந்த மரம் கட்டிலாகவோ அலமாரியாகவோ ஆன பிறகுகூட வெளியே வரும்.

அப்புறம் அனுமதி. காட்டிலிருந்து பூச்சி எடுக்க அனுமதி வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. வண்டு வியாபாரமும் உலகில் நடக்கத்தான் செய்கிறது. ஆனால் கூண்டில் வெளிவந்த வண்டை ஆராய மாவட்ட வன அலுவலர் அளவிலேயே எளிய அனுமதி இருக்கட்டும். பதிலுக்கு, மாதிரி எதுவும் தனியார் பெட்டியில் தங்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு, புது இனத்தின் மாதிரியை அங்கீகாரம் பெற்ற சேகரிப்பகத்தில் ஒப்படைக்கச் சொல்கிறது. மாநிலத்தின் முதல் பதிவுக்கும் அதே வழக்கத்தைக் கொண்டு வரலாம். சென்னையில் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. கோவையில் காஸ் வன அருங்காட்சியகம் 1902 முதல் இருக்கிறது.

கோடை மழை விழுந்ததும் இந்த வண்டுகளில் பல வெளியே வரத் தொடங்கும். அதற்கு முன், மலையடிவாரத்தில் ஒரே ஒரு கிடங்கில் ஐந்தாறு கூண்டு வைத்து ஆரம்பியுங்கள். சீட்டு எழுதவும், வருபவற்றைக் குண்டூசியில் குத்தி உலர்த்தவும் கல்லூரி மாணவர்களை அழைத்து வருகிறோம். கூண்டுச் செலவையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கோவைப் பக்கத்துப் பூச்சி ஆர்வலர் ஒருவர்