மண் வாங்காத ஊரிலிருந்து அக்காவுக்கு

சேசு மரி சூசை துணை

லாங்யியர்பியென், ஸ்வால்பார்டு தீவுகள், நார்வே,
ஜனவரி 2026

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி எழுதும் கடிதம். நான் இங்கு நலமாக இருக்கிறேன். அம்மா, மாமா, பெரியவன், சின்னவள் எல்லாரும் நலமாயிருக்க ராயப்பரை வேண்டிக்கொள்கிறேன்.

நீ கைப்பட எழுதிய கடிதம் கிறிஸ்துமஸ் முடிந்த பிறகே என்னிடம் வந்து சேர்ந்தது. பெரியப்பாவின் அடக்கத்துக்காகக் காசிமேட்டுக் கல்லறையில் ஆயாவின் குழியைத் திறந்தபோது பெட்டியின் சுவடே தெரியாமல் மண்ணோடு மண்ணாகியிருந்ததையும், சில எலும்புகளும் ஆயாவின் ஜெபமாலையில் இருந்த வெள்ளிப் பாடுபட்ட சுரூபமும் மட்டும் கிடைத்ததையும், அவற்றை வெள்ளைத் துணியில் முடிந்து பெரியப்பாவின் கால்மாட்டில் வைத்து மூடியதையும் நீ எழுதியிருந்த பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். ஆயாவை அடக்கம் செய்த அன்று பெரியப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு நின்றது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கடைசி வரியில், "அங்கே செத்தவர்களை என்ன செய்கிறார்கள்?" என்று கேட்டிருந்தாய். அதற்கு ஒரு வரியில் விடை எழுத முடியாது. ஆகையால் விரிவாக எழுதுகிறேன். அம்மாவுக்கு வாசித்துக் காட்டும்போது பக்கத்து அறைக் கிழவரைப் பற்றிய பகுதியை விட்டுவிட்டு, சாப்பாட்டைப் பற்றியும் கல்லறைக் கல்லைப் பற்றியும் எழுதியிருப்பதை மட்டும் வாசி.

இந்த ஊரில் பெட்டியில் வைத்துப் புதைப்பது 1950 வாக்கிலேயே நின்றுவிட்டது. தரைக்கு அடியில் மண் ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கிறது. கோடையில் மேல்பகுதி மட்டும் ஏறத்தாழ ஒரு மீட்டர் ஆழத்துக்கு இளகும். குளிர் திரும்பியதும் அந்த ஈரம் மறுபடி உறைந்து உப்பி, உள்ளே கிடக்கும் கல்லையும் கட்டையையும் பெட்டியையும் சிறிது சிறிதாக மேலே தள்ளும். புதைத்த உடல் எளிதில் அழிவதுமில்லை, புதைத்த ஆழத்தில் கிடப்பதுமில்லை. எரித்த சாம்பலைக் கலசத்தில் வைத்துப் புதைக்க மட்டும் அனுமதி வாங்கலாம். முதியோர் இல்லம் கிடையாது. பிள்ளை பெறும் பெண்களும் நாள் நெருங்குமுன் விமானம் ஏறி நார்வேப் பெருநிலத்துக்குப் போய்விடுகிறார்கள். இந்தத் தீவுகளைப் பற்றி 1920-இல் கையெழுத்தான உடன்படிக்கையின் பயனாக என்னைப் போன்றவர்கள் விசா இல்லாமல் இங்கு தங்கி வேலை செய்ய முடிகிறது. ஆனால் தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ள முடியாதவரை ஆளுநர் திருப்பி அனுப்பிவிடலாம். வேலை செய்யும் உடம்பு இருக்கும்வரைதான் இந்த ஊர் மனிதர்களை வைத்துக்கொள்கிறது. என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை என்று அம்மாவிடம் சொல்.

ஊர் பிறந்ததே நிலக்கரியால்தான். 1906-இல் லாங்யியர் என்ற அமெரிக்கர் சுரங்கம் தோண்ட ஆரம்பித்தார். அவர் பெயரே ஊருக்கும் நிலைத்துவிட்டது. நம் தெருவில் உலர்த்திய துணியெல்லாம் துறைமுகத்து நிலக்கரித் தூளால் கறுத்துப்போன காலம் உனக்கு நினைவிருக்குமே, அதே தூளைத் துடைத்துத்தான் இங்கேயும் மூன்று தலைமுறை வாழ்ந்திருக்கிறது. சுரங்கக்காரர்கள் காலணியைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் நுழைந்த வழக்கத்தை ஓட்டல்களிலும் இன்றுவரை விடவில்லை. 1914 செப்டம்பரில் எம்டன் கப்பல் நம் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய கதையை ஆயா தன் அப்பாவிடம் கேட்டுச் சொல்வாரே, இந்த ஊரையும் 1943 செப்டம்பரில் ஜெர்மன் போர்க்கப்பல்கள் சுட்டு எரித்திருக்கின்றன. மலைக்குள் பற்றிய நெருப்பு ஆண்டுக்கணக்கில் அணையாமல் எரிந்ததாம். நார்வேக்காரர்களின் கடைசிச் சுரங்கத்தையும் சென்ற ஆண்டு, 2025-இல், மூடிவிட்டார்கள். பக்கத்து அறைக் கிழவர் அங்கு வேலை செய்து ஓய்வு பெற்றவர்.

அவர் யாரிடமும் அதிகம் பேசமாட்டார். நான் வந்த புதிதில் என்னைப் பார்த்தும் பாராதவராய்ப் போவார். ஒரு நாள் நான் கருவாட்டுக் குழம்பு வைத்தேன். இங்கே காட் என்ற மீனைக் குளிர்காற்றிலேயே காயவைத்து விற்கிறார்கள். இரண்டு நாள் ஊறவைத்தால்தான் இளகும். அதன் பிறகு நம் சுறாக் கருவாட்டுக்கு அருகில் வருகிறது. நீ கொடுத்தனுப்பிய புளியும் மிளகாய்த்தூளும் அன்று உதவின. கத்தரிக்காய் விலை இங்கே சொல்லத் தரமன்று, ஆகையால் உருளைக்கிழங்கு போட்டேன். வாசனைக்குக் கிழவர் கதவைத் தட்டினார். உட்கார்ந்து முழுத் தட்டும் சாப்பிட்டார். மறுநாள் என்னைக் கல்லறைக்கு அழைத்துப் போனார்.

மலைச்சரிவில் வெள்ளைச் சிலுவைகள் வரிசையாக நிற்கின்றன. அங்கே ஏழு இளைஞர்களின் கல்லறைகள் இருக்கின்றன. 1918 செப்டம்பரில் ஃபோர்செட்டே என்ற கப்பலில் சுரங்க வேலைக்கு வந்தவர்கள். வட நார்வேயின் மீனவர்கள், விவசாயிகள். குளிர்காலத்துக் கூலியை எடுத்துக்கொண்டு ஊர் திரும்பும் எண்ணத்தில் வந்திருக்கிறார்கள். கப்பலிலேயே ஸ்பானிஷ் ஃப்ளூ என்ற விஷக்காய்ச்சல் பற்றிக்கொண்டது. அக்டோபர் தொடக்கத்தில் சில நாட்களுக்குள் ஏழு பேரும் இறந்துபோனார்கள். இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்களைக் கொன்ற அதே காய்ச்சல்தான் அது. எண்பது ஆண்டு கழித்து, 1998-இல், கனடாவைச் சேர்ந்த கிர்ஸ்டி டங்கன் என்ற ஆய்வாளர் குழுவோடு வந்து, நோய் வெளியேறாதபடி கூடாரம் அடித்து, அந்தக் கல்லறைகளைத் திறந்தார். பனியில் உறைந்த உடல்களில் கிருமி இன்னும் இருக்கலாம் என்பது எதிர்பார்ப்பு. ஆனால் பெட்டிகள் எதிர்பார்த்த ஆழத்தில் இல்லை; மண் இளகி இளகி உறையும் மேல்படுகைக்கு அருகில் கிடந்தன. அதனால் உடல்கள் நினைத்த அளவுக்குக் கெடாமல் இருக்கவில்லை.

அவர்கள் தேடியது வேறோர் இடத்தில் கிடைத்தது. அலாஸ்காவில் பிரெவிக் மிஷன் என்ற சிற்றூரில் 1918 நவம்பரில் இருந்த எண்பது பெரியவர்களில் 72 பேர் ஐந்தே நாட்களில் மாண்டார்கள். யோஹான் ஹுல்டின் என்பவர் 1951-இல் அவர்களுடைய பொதுக்குழியைத் திறந்து கிருமியை வளர்க்க முயன்று முடியாமல் திரும்பினார். 1997-இல், எழுபது வயது கடந்த பிறகு, மறுபடி போய் ஒரு பெண்ணின் நுரையீரலிலிருந்து சிறு பகுதியை எடுத்து வந்தார். அதிலிருந்தும் மருத்துவமனைகளில் சேமித்த பழைய திசுக்களிலிருந்தும் கிருமியின் மரபணு வரிசையை முழுமையாக எழுதி, 2005-இல் அமெரிக்காவில் பூட்டிய ஆய்வகத்துக்குள் அதை உயிரோடு எழுப்பிவிட்டார்கள். பெரியவன் பத்தாம் வகுப்பிலேயே அறிவியல் கதை கதையாக வாசிக்கிறான் என்று எழுதினாயே, இதை அவனிடம் சொல். அப்படி எழுப்பியது தேவைதான், அடுத்த காய்ச்சலை எதிர்கொள்ள அது உதவும் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் செத்தவர்களோடு சாவையும் பத்திரப்படுத்தி வைக்கிற மண்ணை நினைத்தால் எனக்கு உள்ளே நடுங்குகிறது. இதே ஊர் மலைக்குள்தான் 2008-இல் திறந்த விதைக் கிடங்கும் இருக்கிறது. உலக நாடுகளின் நெல், கோதுமை முதலான 12 லட்சத்துக்கும் மேற்பட்ட விதை மாதிரிகளைப் பூச்சியம் பாகைக்குக் கீழே 18 பாகைக் குளிரில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். சிரியாவில் போர் மூண்டதால் 2015-இல் இந்தக் கிடங்கிலிருந்து விதைகளைத் திரும்ப எடுத்து மறுபடி பயிரிட்டார்கள் என்பதையும் அவனுக்குச் சொல்.

இனி எழுதப்போவதை அம்மாவுக்கு வாசிக்க வேண்டாம்.

அக்டோபர் கடைசியில் இறங்கிய சூரியன் இங்கே இன்னும் எழவில்லை. டிசம்பரில் நண்பகலும் நள்ளிரவும் ஒன்றுதான். புயல் அடித்த ஓர் இரவில் கிழவரின் கதவு திறந்தபடி காற்றில் அடித்துக்கொண்டிருந்தது, விளக்கு எரிந்தது, ஆள் இல்லை. அவருடைய பிள்ளைகள் அவரைப் பெருநிலத்துக்கு வந்துவிடச் சொல்லி எழுதிக்கொண்டேயிருந்தது எனக்குத் தெரியும். என்னோடு சமையலறையில் வேலை செய்யும் தாய்லாந்து அக்காவை எழுப்பிக்கொண்டு, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கல்லறை நோக்கி நடந்தேன். ஊர் எல்லையைத் தாண்டினால் பனிக்கரடிக்குப் பயந்து துப்பாக்கி இல்லாமல் யாரும் போவதில்லை. எங்களிடம் ஒரு மண்வெட்டிதான் இருந்தது. முகத்தில் அடித்த பனியில் இமைகள் ஒட்டிக்கொண்டன.

கிழவர் அந்த ஏழு சிலுவைகளின் நடுவே மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். தரையில் ஓர் இரும்பு முளையை அடித்து, அதிலிருந்து வந்த கம்பியைக் காதில் மாட்டியிருந்தார். சுரங்கம் இடிந்தால் உள்ளே அகப்பட்டவர்கள் பாறையைத் தட்டுகிறார்களா என்று மேலிருந்து கேட்பதற்கான கருவி அது. நான் கையைப் பிடித்து இழுத்தபோது அவர் எழுந்திருக்காமல் அதை என் காதில் மாட்டினார். முதலில் காற்றின் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு ஆழத்திலிருந்து ஒரு தட்டல். சற்றுப் பொறுத்து இரண்டு தட்டல். கடுங்குளிரில் உறைந்த நிலம் சுருங்கி வெடிக்கும் ஓசை அது என்று பிற்பாடு அவரே விளக்கினார். அந்த நேரத்தில் எனக்கு எந்த விளக்கமும் நினைவுக்கு வரவில்லை. "அருள் நிறைந்த மரியே" என்று உரக்கச் சொன்னேன். காற்றில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

திரும்பும்போது வழி மறைந்துவிட்டது. முன்காலத்தில் நிலக்கரித் தொட்டிகள் கம்பியில் தொங்கிச் சென்ற மரக் கோபுரங்கள் இன்னும் பள்ளத்தாக்கில் நிற்கின்றன. கிழவர் ஒவ்வொரு கோபுரத்தின் இடத்தையும் மனத்தில் வைத்திருந்தார். என் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையைத் தாய்லாந்து அக்கா பிடித்துக்கொள்ள, நான் இருட்டுக்குள் முன்னே போய் அடுத்த கோபுரத்தின் காலைத் தடவிக் கண்டுபிடித்து இழுப்பேன்; பிறகு இருவரும் வருவார்கள். ஒரு கோபுரத்தருகே பெரிய உருவம் ஒன்று அசைந்தது. கரடியென்று மூச்சடக்கி நின்றேன். காற்றுக்கு ஒதுங்கிய கலைமான் அது. ஊர் விளக்கு தெரிந்த பிறகுதான் என் கை விரல்கள் மரத்திருப்பதை உணர்ந்தேன். இப்போது சரியாகிவிட்டன, பேனா பிடிக்க முடிகிறது.

அடுத்த வாரம் கிழவரை விமானத்தில் பெருநிலத்திலுள்ள டிரோம்சோவுக்கு அனுப்பிவிட்டார்கள். சிலுவைகள் ஒவ்வோர் ஆண்டும் எவ்வளவு உயர்ந்தன என்று அளந்து எழுதிய நோட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். தன்னை இந்த மண் வைத்துக்கொள்ளுமா என்பதைத்தான் இத்தனை காலமாகக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். அவருடைய இருமல் இல்லாமல் இரவு அமைதியாக இருக்கிறது. தூக்கம் மட்டும் சற்றுத் தாமதமாக வருகிறது.

அக்கா, நம் மண் நல்ல மண். ஆயாவை வாங்கிக்கொண்டு, பெரியப்பாவுக்கு இடம் விட்டிருக்கிறதே, அதை வாசித்தபோது எனக்கு அழுகை வந்தது. கல்லறைத் திருநாளன்று நீங்கள் எல்லாரும் சாமந்தியும் மெழுகுத்திரியுமாகக் காசிமேட்டில் நின்றிருப்பீர்கள், நான் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். விடியற்காலை ஏலக்கூச்சலும், வலையின் ஈர வாடையும், கோயில் மணியும் ஒருசேர வேண்டும்போல் இருக்கிறது. கிறிஸ்துமஸ் அன்று எனக்கு வேலை இருந்தது, அதுவும் நல்லதற்குத்தான்.

இனி வீட்டுக் காரியங்கள். கல்லறைக் கல்லுக்கு என் பங்கை தவக்காலத்துக்கு முன் அனுப்பிவிடுகிறேன். வங்கியில் ஏதோ படிவம் மாற்றுகிறார்கள், அதனால்தான் இந்த மாதப் பணம் குறைவாக வந்தது, நீ கவலைப்படாதே. மாலையில் ஒரு கட்டடத்தில் தரை துடைக்கும் வேலையும் சேர்ந்து கிடைத்திருக்கிறது, அறையில் சும்மா உட்காராமல் இருக்க அது உதவுகிறது. உன் வளையலைப் பற்றி நீ எழுதவில்லை. வட்டி கட்டும் தேதி எனக்கு நினைவில் இருக்கிறது, மாமாவிடம் கைமாற்றுக் கேட்க வேண்டாம்.

பெரியப்பாவின் விசைப்படகை விற்றுவிட அண்ணன் அவசரப்படுவதாக எழுதியிருந்தாய். ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடை தொடங்கினால் 61 நாள் படகு கரையில்தான் நிற்கும். அதைச் சொல்லியே வாங்குகிறவர்கள் விலையை இறக்குவார்கள். தடைக்காலத்தில் பழுது பார்த்து, ஜூனில் கடலுக்குப் போன பிறகு விலை பேசட்டும். அப்பாவின் பங்கு அதில் பாதி என்பதற்குப் பெரியப்பா எழுதிய தாள் அம்மாவின் இரும்புப் பெட்டியில் இருக்கிறது, எடுத்து உன்னிடம் வைத்துக்கொள். அண்ணனோடு சண்டை வேண்டாம், நானே பேசுகிறேன். அம்மாவின் கண் அறுவையைச் பெரியவனின் பத்தாம் வகுப்புத் தேர்வு முடியும்வரை தள்ளிப்போடாதே. ஸ்டான்லி மருத்துவமனையில் தேதி கொடுத்தால் போய்விடுங்கள். சொட்டு மருந்து போட மாமா இருக்கிறார்.

கல்லில் ஆயாவின் பெயர் மேலேயே இருக்கட்டும், அடுத்து பெரியப்பாவின் பெயர், அதற்குக் கீழே வெறுமனே இடம் விடச் சொல். கறுப்புக் கல் வேண்டாம், வெயிலில் வெடிக்கிறது என்று பெரியப்பாவே சொல்லியிருக்கிறார். கல் வேலை செய்பவருக்கு முன்பணம் பாதிக்கு மேல் கொடுக்காதே. கொடுத்ததற்கு ரசீது வாங்கி வை, அண்ணனுக்கும் ஒரு பிரதி கொடு.

உன் அன்புத் தம்பி