பூனைகளை என்ன செய்யப் போகிறேன் என்று கேட்டாயே

அம்மாடி,

ஞாயிற்றுக்கிழமை போனில் "அந்தப் பூனைகளை என்னப்பா செய்யப் போறீங்க?" என்று கேட்டாய். "பார்க்கலாம்மா" என்று சொல்லி போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அது பதில் இல்லை. போனில் எனக்கு யோசிக்க வராது, உனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

எங்கேயும் கொண்டுபோய் விடப் போவதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசி வரை படித்துவிட்டு நீ கோபப்பட வேண்டாம். ஆனால் வயிற்றில் பிள்ளையோடு வருகிறவள் பயப்படுவதில் தப்பே இல்லை. உன் டாக்டர் சொன்ன டாக்ஸோபிளாஸ்மா, அதுதான் பூனை மலத்தின் வழியாகவும் பரவி வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கக்கூடிய கிருமி, நிஜமான விஷயம்தான். கால்நடை மருத்துவரைப் பிடித்து உட்கார வைத்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வந்தேன். ஒரு பூனைக்கு அந்தத் தொற்று முதல்முறை வரும்போதுதான், ஒன்றிலிருந்து மூன்று வாரம் வரை, கிருமி அதன் மலத்தில் வெளியேறுமாம். பெரும்பாலும் அத்தோடு சரி. வெளியே வந்த கிருமியும் உடனே தொற்றாது, அதற்கு 1 முதல் 5 நாள் வரை ஆகும். ஆக மணல் தட்டை தினமும் சுத்தம் செய்தாலே பாதி வேலை முடிந்தது. நான் காலையும் மாலையும் செய்கிறேன். நீ அந்தப் பக்கமே போக வேண்டாம். தட்டைப் பின்பக்கக் குளியலறைக்கு மாற்றிவிட்டேன். பால்கனிக்கு வலை அடித்தாயிற்று, இனி எலி வேட்டை கிடையாது. பச்சை இறைச்சியும் கொடுப்பதில்லை.

உனக்கு ஏற்கெனவே இந்தத் தொற்று வந்துபோயிருக்கிறதா என்று இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடுமாம். டாக்டரிடம் கேள். இன்னொன்று: பூனையை விடவும் சரியாக வேகாத இறைச்சி, கழுவாத காய்கறி, வெறுங்கையால் தோட்ட மண் கிளறுவது, இவற்றால்தான் நிறையப் பேருக்கு வருகிறது என்றார். பையிலிருந்து கேரட்டை எடுத்து அப்படியே கடிப்பாயே, அந்தப் பழக்கம் இன்னும் இருக்கிறதா? பூனையைச் சொல்வதற்கு முன்னால் அதை விடு.

இனி உன் அறை விவகாரம்.

அந்த அறை இப்போது கரிச்சட்டியுடையது. கறுப்பும் ஆரஞ்சும் குழம்பிய நிறம், அடிப்பிடித்த சட்டி மாதிரி. (இந்த நிறத்தில் கிட்டத்தட்ட எல்லாமே பெண்ணாகத்தான் இருக்குமாம்.) மூன்று வருஷத்துக்கு முன் மாடிப்படி அடியில் குட்டி போட்டாள், ஒன்றுதான் தேறியது. இரண்டையும் உள்ளே கொண்டுவந்தேன். குட்டிக்கு அப்போது ஐந்து வாரம். இரண்டிலிருந்து ஏழு வாரத்துக்குள் மனிதக் கை பட்டுவிட்டால் பூனை மனிதரோடு ஒட்டிக்கொள்ளும். அவன் இரண்டே நாளில் என் செருப்புக்குள் தூங்கினான். வால் நுனி மடங்கியிருப்பதால் வாலி என்று பெயர் வைத்தோம். தெருவிலேயே வளர்ந்த அம்மாவுக்கோ அந்த வயது எப்போதோ போய்விட்டது. உன் கட்டிலுக்கு அடியில் போய்ச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்தவள் பதினொரு நாள் வெளியே வரவில்லை. ராத்திரி நாங்கள் தூங்கிய பிறகுதான் சாப்பாடு, தண்ணீர் எல்லாம்.

பாலூட்டும்போதே பூனை மறுபடியும் சினை பிடிக்கும் என்பதால், குட்டி பால் மறந்ததும் கருத்தடைக்குக் கொண்டுபோனேன். கூடைக்குள் அவளை அடைத்த அன்று என் முழங்கையில் விழுந்த கோடு இன்னும் இருக்கிறது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள். அவள் விஷயத்தில் அடுப்பங்கரை நான்தான். மறுபடியும் கட்டிலடி.

அப்புறம் தினமும் சாயங்காலம் உன் அறைத் தரையில் படுத்துக்கொள்வேன். இடுப்பு வலிக்கும், ஆனாலும் படுப்பேன். அவளைப் பார்க்காத மாதிரி பேப்பர் படிப்பேன். நடுநடுவே அவள் பக்கம் திரும்பி, தூக்கம் வருகிறவன் போலக் கண்ணை மெல்ல மூடித் திறப்பேன். முறைத்துப் பார்ப்பது பூனைக்கு மிரட்டல், இது சமாதானம். 2020இல் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பழக்கமில்லாத ஆள் இப்படிச் செய்துவிட்டுக் கையை நீட்டினால்கூடப் பூனை கிட்டே வர அதிகம் துணிகிறதாம். பூனை கண்ணை மூடினால் உலகம் இருண்டுவிடாது, வாஸ்தவம். ஆனால் ஒருநாள் இருட்டில் இரண்டு மஞ்சள் புள்ளி மெல்ல அணைந்து, மெல்ல எரிந்தபோது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு மாதம் கழித்துத்தான் மூக்கு என் விரலைத் தொட்டது. ஈரமாக, குளிர்ச்சியாக. தொட்டுவிட்டு உடனே போய்விட்டாள்.

இன்றும் மடியில் ஏற மாட்டாள். உன் பழைய நீலப் பைக்குள்தான் தூக்கம். பையின் ஓரமெல்லாம் நகத்தால் பிய்த்து வைத்திருக்கிறாள். இதை இவ்வளவு நாள் உன்னிடம் சொல்லவில்லை.

அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவளுக்குப் பூனை பிடிக்காது. பிடிக்க ஆரம்பித்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. இந்த மூன்று வருஷத்தில் ஒன்றையும் தொட்டதில்லை. ஆனால் போன வருஷம் ஒரு காலை, "உங்க பையன் நாலு தடவை மணலுக்குப் போயிட்டான், ஒரு சொட்டு ஈரம் இல்ல" என்றவள் அவள்தான். மலச்சிக்கலாக இருக்கும் என்றேன். "அவன் கத்துறது அப்படி இல்ல" என்றாள். தூக்கிக்கொண்டு ஓடினேன். சிறுநீர்க் குழாய் அடைத்திருந்தது. ஆண் பூனைக்கு அந்தக் குழாய் ரொம்பக் குறுகல், முழுசாக அடைத்தால் ஒன்றிரண்டு நாளில் உயிர் போய்விடும். டியூப் போட்டு எடுத்தார்கள். வீட்டுக்கு வந்த வாலியை அம்மா தூரத்தில் நின்று பார்த்தாள். அவ்வளவுதான். ஆனால் அன்றிலிருந்து தண்ணீர்க் கிண்ணம் ஒன்றுக்கு மூன்றாகிவிட்டது. நான் வைக்கவில்லை.

மூன்றாமவர் ஒருவர் இருக்கிறார், ஒற்றைக் கண்ணர், நாங்கள் பெரியவர் என்போம். மதில் மேல் பூனை என்றால் இவர் நிஜமாகவே மதில் மேல்தான். வீட்டுக்குள் வர மாட்டார், சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார். இடது காது நுனி நேர்கோடாக வெட்டியிருந்தது. சண்டையில் போனது என்று நினைத்திருந்தேன். கருத்தடை செய்து திரும்ப விட்டதற்கான அடையாளமாம். எனக்கு முன்னால் யாரோ முகம் தெரியாத ஒருவர் இவரைப் பிடித்துக் கொண்டுபோய், பத்திரமாகத் திரும்ப விட்டிருக்கிறார்.

நீ வரும்போது இரண்டு விஷயம். உன் பாராசிட்டமால் மாத்திரைகளை டப்பாவில் போட்டு மூடி வை. ஒன்று கீழே விழுந்தாலும் பூனைக்கு விஷம். பார்க்க வருகிறவர்கள் லில்லிப் பூ கொண்டுவந்தால் வாசலோடு சரி, அதன் மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் போய்விடும். உன் அறையை உனக்கே ஒழித்துத் தருகிறேன். கரிச்சட்டியை இப்போதிருந்தே என் அறைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். பையையும் சேர்த்துத்தான்.

ஒரு உதவி வேண்டும். நீ உடுத்திய பழைய துணி ஒன்றை மாப்பிள்ளையிடம் சொல்லி இந்த வாரமே கூரியரில் அனுப்பச் சொல். புது ஆளைப் பூனை முதலில் வாசனையில்தான் பார்க்கும். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் போட்டு வைத்தால் நீ வருவதற்குள் உன்னைத் தெரிந்துகொள்வாள். பிள்ளை பிறந்ததும் அதன் துணி ஒன்றை முன்கூட்டியே வீட்டுக்கு எடுத்துவருவதாக அம்மாவே சொல்லியிருக்கிறாள்.

துவைத்து அனுப்பிவிடாதே. உன் பழக்கம் எனக்குத் தெரியும்.

அப்பா