ஒரு டம்ளர் தண்ணீரில் மீன் இல்லை என்றால்

ஆசிரியருக்கு,

வேற்றுலக உயிர்களைத் தேடுவது வீண்வேலை, இத்தனை வருடமாக ஒன்றும் கிடைக்கவில்லையே என்று பலர் எழுதுவதைப் படிக்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. நாம் எவ்வளவு தேடியிருக்கிறோம்? 1960-ல் அமெரிக்க வானியலாளர் ஃபிராங்க் டிரேக் அங்குள்ள கிரீன் பேங்க் ரேடியோ தொலைநோக்கியை இரண்டே இரண்டு நட்சத்திரங்கள் பக்கம் திருப்பி, ஹைட்ரஜன் அணுவின் 1,420 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் யாராவது சமிக்ஞை அனுப்புகிறார்களா என்று காதுகொடுத்துக் கேட்டார். அங்கிருந்துதான் ஆரம்பம். நம் பால்வெளியில் மட்டும் குறைந்தது 10,000 கோடி நட்சத்திரங்கள். இதுவரை தேடியது கடலில் ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு பார்த்தது போலத்தான் என்று விஞ்ஞானி ஜில் டார்ட்டர் சொன்னது ரொம்பச் சரி.

நாசா 1992-ல் தொடங்கிய தேடலுக்கு அடுத்த வருடமே அமெரிக்க நாடாளுமன்றம் பணத்தை நிறுத்தியது. அப்புறம் தனியார் நன்கொடையில்தான் பெரும்பாலும் ஓடுகிறது.

1977 ஆகஸ்ட் 15-ல் அமெரிக்காவின் ஓஹையோவில் ஒரு ரேடியோ தொலைநோக்கியில் 72 விநாடி ஒரு வலுவான சமிக்ஞை பதிவானதே, அது என்ன என்று இன்றுவரை உறுதியாகத் தெரியாது, மறுபடி வரவும் இல்லை. அது திரும்ப வந்தால் கேட்க யாராவது விழித்திருக்க வேண்டாமா?

— ஒரு வாசகர்