வந்தவாசிக்காரர் எழுதிய மூன்று புத்தகங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

தென்னாப்பிரிக்காவுக்குக் கரும்புத் தோட்டக் கூலிகளாக வந்த எங்கள் முன்னோர்களைப் பற்றி மூன்று புத்தகங்கள் எழுதிய எங்கள் டர்பன் பேராசிரியரைப் பற்றிச் சென்ற ஞாயிறு மலரில் வந்த கட்டுரையை என் பேத்தி செல்போனில் எடுத்துக் காட்டினாள். எங்கள் ஊர்க்காரர் ஒருவருக்குத் தமிழ்நாட்டுப் பத்திரிகை அரைப் பக்கம் ஒதுக்கியது சந்தோஷம்தான். ஆனால் மூன்று இடங்களில் எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஒன்று சின்ன விஷயம். ஒப்பந்தக் கூலிகளை நேட்டாலுக்கு, அதாவது டர்பன் இருக்கும் எங்கள் மாகாணத்துக்கு, ஏற்றி வந்த முதல் கப்பலான ட்ரூரோ கல்கத்தாவிலிருந்து வந்தது என்று போட்டிருக்கிறீர்கள். அது சென்னைக் கப்பல். 1860 நவம்பர் 16 அன்று 342 பேரோடு டர்பனுக்கு வந்து சேர்ந்தது. கல்கத்தாக் கப்பல் பெல்வெடேர். அது பத்து நாள் கழித்துத்தான் வந்தது.

இன்னொன்றுதான் உறுத்துகிறது. “ஓய்வுக்குப் பிறகு பொழுதுபோக்காக எழுத வந்தவர்” என்று எழுதியிருக்கிறீர்கள். பொழுதுபோக்கா? அவர் பொழுது எப்படிப் போனது என்று பக்கத்திலிருந்து பார்த்தவள் நான்.

அவர் வேதியியல்காரர். இந்தியர்களுக்கென்று தனியாக ஒதுக்கிய கல்லூரி 1961-ல் துறைமுகத்துக்குள்ளே சாலிஸ்பரி தீவில், பழைய கடற்படைக் கட்டடங்களில் தொடங்கியபோது, கோட்டும் டையுமாகப் படகேறிப் போய்ப் படித்த பையன்களில் ஒருவர். அது 1972-ல் வெஸ்ட்வில் மேட்டுக்கு மாறிய பிறகு அங்கேயே ஆசிரியரானார். 2004-ல் நேட்டால் பல்கலைக்கழகத்தோடு அதை இணைத்தபோது ஓய்வு வாங்கிக்கொண்டார். மறு வருடம், டர்பனில் இந்தியர்கள் குடியிருக்கும் சாட்ஸ்வொர்த்தில் நான் நடத்திய மாலைத் தமிழ் வகுப்புக்கு வந்து, ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில், முழங்கால் மேசையில் இடிக்க உட்கார்ந்தார். “டீச்சர், எனக்கு அ, ஆ-விலிருந்து வேண்டும்” என்றார். ட, ண எழுத அவர் பட்ட பாட்டைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

அவர் எதற்காகத் தமிழ் படிக்க வந்தார் என்பது அப்புறம்தான் தெரிந்தது. 1860-லிருந்து 1911 வரை இங்கே கொண்டுவரப்பட்டவர்கள் 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு எண் உண்டு. பெயர், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, ஊர், உயரம், உடம்பில் என்ன தழும்பு, எங்கே மச்சம், எல்லாம் கப்பல் பட்டியலில் இருக்கும். வெள்ளைக்கார குமாஸ்தா காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியது. இவர் சம்பளத்துக்கு வேலை பார்த்த காலத்திலேயே, சனிக்கிழமைகளில் ஆவணக் காப்பகத்துக்குப் போய் அட்டை அட்டையாக எழுதி வைத்திருந்தார். ஷூ பெட்டிகளில் அடுக்கியிருந்ததை நானே பார்த்தேன். ஓய்வுக்குப் பின் நடந்தது அச்சடித்தது மட்டும்தான்.

ஒரு நாள் தன் கொள்ளுத்தாத்தாவின் அட்டையை என்னிடம் நீட்டினார். வட ஆற்காடு ஜில்லா. ஊர், வாண்டிவாஷ். முப்பது வருடமாக அப்படியேதான் வாசித்து வந்திருக்கிறார். “புரொபசர், இது வந்தவாசி” என்றேன். மனிதர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சின்ன வயதில் அவருடைய ஆயா, அதாவது பாட்டி, “நாம வந்தவாசிக்காரங்க” என்று அடிக்கடி சொல்வார்களாம். இவரோ அதை, கப்பலில் வந்தவர்கள், வந்தேறிகள் என்று அர்த்தம் பண்ணிக்கொண்டிருந்தாராம். “ஆயா ஊர்ப் பேரைச் சொல்லிச் சொல்லிச் செத்துப்போனாள், எனக்கு விளங்கவே இல்லையே” என்றார்.

முதல் புத்தகம் அந்த அட்டைகளிலிருந்து வந்ததுதான். ஒரே ஒரு கரும்புத் தோட்டத்துக் குடும்பங்கள். முதல் வருடம் மாதம் பத்து ஷில்லிங் கூலி, பிறகு வருடத்துக்கு ஒரு ஷில்லிங் ஏற்றம், ஐந்து வருட ஒப்பந்தம். அது முடிந்து சொந்தக்காலில் நிற்கப் பார்த்தவர்கள் தலையில் 1895-ன் சட்டம் வைத்த மூன்று பவுண்டு வரி. எல்லாம் ஆள் ஆளாக, எண் எண்ணாக இருக்கும். இரண்டாவது, கோயில் கணக்குப் புத்தகங்களைப் பற்றியது. உண்மையைச் சொன்னால், எனக்குத் தூக்கம் வந்தது, அவரிடமும் சொல்லிவிட்டேன்.

மூன்றாவதுதான் தங்கம். நூறு பக்கம்கூட இல்லை. முழுக்க எங்கள் வாய்ச்சொற்கள். கவுண்டர் இங்கே கவுண்டன் என்றும் கோவெண்டர் என்றும் இரண்டு குடும்பப் பெயரான கதை. எங்கள் பையன்கள் விடிய விடியச் சீட்டாடும் துனி என்ற ஆட்டத்தின் பெயர் நம் தண்ணிதான் என்பது. தெருக்கூத்தை நாங்கள் சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்று சொல்வது, மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவது போரிட்ஜ் பிரேயர் ஆனது, அரிசிக்கு வழியில்லாதவர்கள் மக்காச்சோளத்தை உடைத்துச் சோறாக்கித் தின்றது. டர்பன் நகராட்சியின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பாரக்சில் பிறந்து, அங்கிருந்து கிளப்பி சாட்ஸ்வொர்த்தில் கொண்டுவந்து போடப்பட்ட எனக்கு, அதைப் படித்தபோது என் அம்மாவின் அடுப்பங்கரையில் நிற்பது போல இருந்தது.

அவருக்குத் தமிழ் சரளமாக வரும் என்றும் கட்டுரை சொல்கிறது. வராது. எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். மூன்றையும் ஆங்கிலத்தில்தான் எழுதினார். அதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் நான் ஊகமாக ஒரு ஊரைச் சொன்னால், “சாட்சி என்ன டீச்சர்?” என்று கேட்பார். சாட்சி இல்லையென்றால் அந்த இடத்தைக் காலியாகவே விடுவார். சோதனைக்கூடத்துப் புத்தி. கோயில் பிரசுரங்களில் எல்லோரையும் ஜமீன்தார் வம்சமாக்கி எழுதுகிறவர்களுக்கு நடுவில் இது பெரிய குணம்.

புத்தகங்களைச் சொந்தக் காசில் அச்சடித்தார். காவடி நாளில் கார் டிக்கியைத் திறந்து வைத்து விற்றார். முதல் வருடம் பதினொன்று போயிற்று. அதில் இரண்டு என்னுடையது.

சரி, குறை சொல்லிவிட்டு ஒரு உதவியும் கேட்கிறேன். அப்படிக் காலியாக விட்ட ஊர்ப் பெயர்கள் இன்னும் 41 இருக்கின்றன. குமாஸ்தா எழுதிய எழுத்துப்படியே ஒரு தாளில் எழுதி இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். பெரும்பாலும் வட ஆற்காடு, செங்கல்பட்டு ஜில்லாக்கள். மலரில் ஒரு மூலையில் போட்டால், அந்தப் பக்கத்து வாசகர்கள் யாராவது, “இது எங்கள் ஊர்” என்று சொல்லக்கூடும். பட்டா, கோயில் கல்வெட்டு, பழைய வரி ரசீது என்று ஏதாவது சாட்சியும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அவர் ஏற்கமாட்டார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா