தேன்மொழிக்கு, பாஸ்டனிலிருந்து

அன்புள்ள தேன்மொழி,

உன் மகளுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்த செய்தியை இங்கே பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதுவும் நாம் படித்த கல்லூரியிலேயே! விடுதிச் சாப்பாடு இப்போதாவது தேறியிருக்கிறதா என்று அவளிடம் கேட்டு எழுது.

உன்னிடம் எம்.டி. சைக்யாட்ரி (மனநல மருத்துவம்) படிக்கும் பையனுக்கு நான் சேர்ந்திருக்கும் ஃபெல்லோஷிப் ஒத்துவருமா என்று கேட்டிருந்தாய். இதன் முழுப்பெயர் பிஹேவியரல் நியூராலஜி அண்ட் நியூரோசைக்யாட்ரி; மூளைக் கோளாறு நடத்தையையும் மனதையும் எப்படி மாற்றுகிறது என்று பார்க்கும் துறை. பெயர்தான் நீளம், காலம் குறைந்தது ஒரு வருஷம். ஆராய்ச்சியும் வேண்டுமென்றால் இரண்டு வருஷம் ஆகும். நியூராலஜி (நரம்பியல்) முடித்தவரும் சேரலாம், சைக்யாட்ரி முடித்தவரும் சேரலாம். யு.சி.என்.எஸ். என்ற அமெரிக்க நரம்பியல் உட்துறை அமைப்பு அங்கீகாரம் தருகிறது. சான்றிதழ் தேர்வை 2006 முதல் நடத்துகிறது. ஆனால் இது அமெரிக்க ரெசிடென்ஸி (அங்கத்திய மேற்படிப்புப் பயிற்சி) முடித்தவர்களை வைத்து அமைத்த பயிற்சி. ஊரில் எம்.டி. முடித்த கையோடு விமானம் ஏறிவிடலாம் என்று அவன் நினைத்தால், முதலிலேயே சொல்லிவிடு.

சரி, இதில் என்ன கற்றேன் என்றுதானே கேட்கிறாய்? பார்க்கக் கற்றேன். இந்த ஊரில்தான் நரம்பியல் மருத்துவர் நார்மன் கெஷ்விண்டும் நரம்பு உளவியலாளர் ஈடித் கப்லானும் சேர்ந்து வேலை செய்தார்கள். கெஷ்விண்ட் 1965-இல் எழுதிய நீண்ட கட்டுரை இந்தத் துறைக்கே அடித்தளம். எனக்கு அவரைவிட நெருக்கமானவர் கப்லான். நோயாளி எத்தனை மதிப்பெண் வாங்கினார் என்பதோடு நின்றுவிடாதே, எப்படித் தவறினார் என்று பார் என்பது அவர் வழி.

ஒரு நாள் ஐம்பதுகளில் இருந்த ஒருவரைக் கூட்டிவந்தார்கள். இரண்டு வருஷமாக மனச்சோர்வு என்று மருந்து சாப்பிட்டவர். கடிகாரம் வரைந்து பதினொன்று பத்து காட்டச் சொன்னேன். வட்டம் அழகாக வந்தது, எண்களும் இடம் மாறவில்லை. சின்ன முள்ளைப் பதினொன்றில் வைத்தார். பெரிய முள்ளை இரண்டில் வைக்காமல் நேரே பத்துக்கு இழுத்தார். பத்து என்று காதில் விழுந்தது, பத்து என்ற எண் கண்ணெதிரே இருக்கிறது. கை அங்கே போய்விட்டது. அப்புறம் முஷ்டி, கைவிளிம்பு, உள்ளங்கை என்று மாற்றி மாற்றி மேஜையில் தட்டச் சொன்னேன். வரிசையை வாயால் சரியாகச் சொல்கிறார், கை மட்டும் முஷ்டியிலேயே நிற்கிறது. இடையில் என் மேஜையிலிருந்த பிஸ்கட்டை எடுத்துச் சாப்பிட்டுவிட்டார். ஸ்கேனில் மூளையின் முன்மடல் சுருங்கியிருந்தது. ஃப்ரண்டோடெம்போரல் டிமென்ஷியா, நடத்தையைக் குலைக்கும் மூளைச் சிதைவு நோய். மனைவி கேட்ட முதல் கேள்வி: "அப்படியென்றால் என் அம்மாவின் சாவு வீட்டில் அவர் சிரித்தது வேண்டுமென்றே செய்ததில்லையா?" இல்லை என்றேன். இந்த நோயைக் குணமாக்கும் மருந்து எங்களிடம் இல்லை. ஆனாலும் அந்த மனைவிக்கு அன்று கிடைத்த பதில் சின்ன விஷயமில்லை.

என்னோடு இருக்கும் இன்னொரு ஃபெல்லோ நியூராலஜி படித்தவர். ரிஃப்ளெக்ஸ் பார்ப்பதில் என் கையைத் திருத்தியவர் அவர். குடும்பத்தாரை இடைமறிக்காமல் பேசவிட என்னிடம் கற்றுக்கொண்டார். ஒரு கால் விளங்கவில்லை என்று வந்த பெண்ணுக்கு ஹூவர் சோதனையை அவர்தான் செய்து காட்டினார். நல்ல காலைத் தூக்கச் சொன்னால், விளங்காத காலின் குதிகால் தானாகவே படுக்கையை அழுத்துகிறது! "பாருங்கள், பலம் இருக்கிறது, அதைக் கூப்பிடும் வழிதான் தடைபட்டிருக்கிறது" என்று அந்தப் பெண்ணிடமே விளக்கினார். நடிக்கிறாள் என்று யாரோ சொல்லக் கேட்டுக் கேட்டு நொந்துபோனவள், அதற்குப் பிறகுதான் பிசியோதெரபிக்குச் சம்மதித்தாள்.

திடீரென்று மனம் பிறழ்ந்து வரும் இளம்பெண்களை நாம் வார்டில் எத்தனை பேரைப் பார்த்திருப்போம்! உடலின் நோய் எதிர்ப்புப் பொருளே மூளையைத் தாக்கி, மனநோய் போலத் தோன்றும் என்.எம்.டி.ஏ. ரிசப்டார் என்செபலைட்டிஸ் என்ற மூளை அழற்சியை, அந்தப் பொருளோடு இனம் கண்டு எழுதியதே 2007-இல்தான். அவர்களில் எத்தனை பேருக்கு அது இருந்திருக்குமோ என்ற நினைப்பு அடிக்கடி வருகிறது.

ஒரு வருஷம் இதற்குப் போதாது என்பது என் அபிப்பிராயம். ஆபரேஷனோ ஊசியோ இல்லாமல் ஒரு நோயாளியோடு இரண்டு மணி நேரம் உட்காரும் வேலைக்குப் பணமும் குறைவு. அதனால் வருகிறவர்களும் குறைவு. இது எனக்கு உண்மையான வருத்தம்.

அந்தப் பையனை முதலில் பெங்களூரு நிம்ஹான்ஸுக்கு (தேசிய மனநல, நரம்பியல் நிறுவனம்) அனுப்பிப் பார். சைக்யாட்ரி, நியூராலஜி, நியூரோசைக்காலஜி எல்லாம் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. சில வாரம் அங்கே உட்கார்ந்து பார்த்தாலே இது தனக்கானதா என்று தெரிந்துவிடும். அதுவரை உன் ஓ.பி.யில் வாரம் ஒரு நோயாளியை மட்டும் அவனிடம் விட்டு, அவசரப்படுத்தாமல் பார்க்கச் சொல். அந்தக் குறிப்புகளை, பெயர் இல்லாமல், எனக்கு அனுப்பட்டும். நான் படித்துப் பதில் எழுதுகிறேன்.

அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
கயல்