தபால்வழி மூலிகைப் படிப்பும் வைத்தியர் பலகையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளியாகும் பருவத்தில், தங்கள் நாளிதழ் உள்ளிட்ட பல நாளிதழ்களின் வரிவிளம்பரப் பக்கங்களில், வீட்டிலிருந்தபடியே சித்த, மூலிகை மருத்துவம் படித்துச் சான்றிதழ் பெறலாம் என்னும் அறிவிப்புகள் தவறாமல் இடம்பெறுகின்றன. தென்காசியில் தந்தையார் காலம் முதல் நாட்டு மருந்துக் கடை நடத்திவருபவன் என்ற முறையில், இத்தகைய படிப்புகளில் சேர்ந்தவர்கள் பாடப் புத்தகத்தோடும் சரக்குப் பட்டியலோடும் கடைக்கு வந்து நிற்பதை அடிக்கடி காண்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து சிலவற்றை வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

தொலைநிலைக் கல்வியே கூடாது என்பது என் கட்சியன்று. மூலிகைகளைப் பற்றிய அறிவு தபாலில் வரலாம். நோயாளிக்கு மருந்து கொடுக்கும் தகுதி தபாலில் வராது. இவ்விரண்டையும் ஒரே சான்றிதழுக்குள் கலந்து விற்கிறார்களே, அதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

சட்டத்தின் நிலையில் குழப்பம் ஏதுமில்லை. சித்த மருத்துவராக வேண்டுமென்றால் பி.எஸ்.எம்.எஸ். பட்டம் வேண்டும், அதற்கு நீட் தேர்வு எழுதிக் கல்லூரியில் சேர்ந்து, நான்கரை ஆண்டு படித்து, ஓராண்டு மருத்துவமனையில் பயிற்சி பெற வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழு 2020-இல் வெளியிட்ட திறந்தநிலை, தொலைநிலைக் கல்வி விதிமுறைகள், மருத்துவம், மருந்தியல், செவிலியம் முதலிய படிப்புகளைத் தொலைநிலையில் நடத்தக் கூடாது என்று விலக்கிவைத்திருக்கின்றன. 2025-இல் அக்குழு ஒருபடி மேலே சென்று, உளவியல், உணவு ஊட்டச்சத்து போன்ற சுகாதாரம் சார்ந்த படிப்புகளையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டது. 1970-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவ மத்தியக் குழுச் சட்டமும், அதற்கு மாற்றாக 2020-இல் வந்த தேசிய இந்திய மருத்துவ முறை ஆணையச் சட்டமும், பதிவு பெற்றவர் மட்டுமே இம்முறைகளில் வைத்தியம் செய்யலாம் என்கின்றன. பரம்பரை வைத்தியர்களே தங்களுக்கு விலக்கு வேண்டுமென்று கேரளத்திலிருந்து தொடுத்த வழக்கில், உரிய தகுதியில்லாமல் வைத்தியம் பார்ப்பது சமுதாயத்துக்கு ஆபத்து என்று உச்ச நீதிமன்றம் 2018 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்தவர்களுக்கே இதுதான் நிலை என்றால், ஆறு மாதப் பாடத்துக்கு என்ன மதிப்பு இருக்க முடியும்?

இருந்தும் இப்படிப்புகள் எப்படி நடக்கின்றன என்று கேட்கலாம். நடத்துபவை பெரும்பாலும் பல்கலைக்கழகங்கள் அல்ல. அறக்கட்டளையாகவோ சங்கமாகவோ பதிவு செய்துகொண்ட தனியார் அமைப்புகள். விளம்பரத்தில் 'அரசுப் பதிவு பெற்றது' என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். அது பொய்யில்லை, சங்கம் பதிவு பெற்றதுதான். ஆனால் அந்தப் பதிவு, ஊர்க் கிரிக்கெட் மன்றமும் மகளிர் சங்கமும் பெறும் அதே பதிவு. பாடத்திட்டத்தை எவரும் பார்த்து ஒப்புதல் தந்ததாக அதற்குப் பொருளில்லை. கட்டணம் கட்டுபவருக்கு இது தெரிவதில்லை. சொல்ல வேண்டிய கட்டாயமும் எவருக்கும் இல்லை.

சேருபவர்களைக் குறைகூற எனக்கு மனமில்லை. ஏமாற்றும் எண்ணத்தோடு சேருபவர் மிகச் சிலரே. பாட்டனார் வைத்தியராக இருந்து, ஏடுகளும் கல்வமும் வீட்டில் கிடக்க, தலைமுறை இடையில் அறுந்துபோனதே என்று வருந்துபவர்கள் உண்டு. ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் உண்டு. மூலிகைப் பயிரில் இறங்க நினைக்கும் விவசாயிகள் உண்டு. சித்த மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காமல் மனம் நொந்த பிள்ளைகளும் உண்டு. இந்த ஆர்வம் மதிக்கத்தக்கது. அதற்குத் தரப்படும் பாடம்தான் மதிக்கத்தக்கதாக இல்லை.

ஒன்றைச் சொல்கிறேன். தையல் தொழில் செய்யும் ஓர் அம்மாள், தொலைநிலையில் மூலிகை மருத்துவம் படிப்பவர், உலர்ந்த செடிக் கட்டு ஒன்றைக் கொண்டுவந்து, 'அண்ணாச்சி, இது கீழாநெல்லிதானே?' என்று கேட்டார். அவர் கையிலிருந்த பாடத்தில் கீழாநெல்லியின் படம் இருந்தது. கறுப்பு வெள்ளை நகல், அதுவும் நகலின் நகல். அந்தப் படத்தை வைத்துக்கொண்டு புளியஞ்செடியைக்கூடக் கீழாநெல்லி என்று சாதித்துவிடலாம். கடையில் இருந்த கட்டுகளைச் செய்தித்தாளின்மேல் பிரித்து வைத்து, காயைப் பாருங்கள் என்றேன். உண்மையான கீழாநெல்லியின் காய்க்குச் சிறு காம்பு உண்டு, தோல் வழவழப்பாக இருக்கும். சிவப்புக் கீழாநெல்லியின் காய் காம்பில்லாமல் தண்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும், விரலால் தடவினால் சொரசொரக்கும். மேலாநெல்லியின் இலை அடியில் குறுகி நுனியில் அகலும். அவர் கொண்டுவந்த கட்டில் கீழாநெல்லியும் சிவப்புக் கீழாநெல்லியும் கலந்து கிடந்தன. சந்தைக்கு வரும் சரக்கிலேயே இந்தக் கலப்பு சாதாரணம். பாடம் முழுவதையும் படித்து, மாதிரித் தேர்வும் எழுதி முடித்திருந்த அவருக்கு, அந்தக் காயைத் தொட்டுப் பார்க்கச் சொல்ல அதுவரை ஆளில்லை.

காமாலைக்குப் பெயர்போன இந்தச் செடியைப் பற்றி 1988-இல் சென்னை ஆய்வாளர்களும் நோபல் பரிசு பெற்ற பிளம்பர்க்கும் சேர்ந்து லான்செட் இதழில் கட்டுரை வெளியிட்டதையும், ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமப்பவர்களில் மருந்து உண்டோரில் 59 விழுக்காட்டினருக்கு நல்ல பலன் கண்டதாக அவர்கள் எழுதியதையும் இப்பாடங்கள் பெருமையோடு குறிப்பிடும். பிற நாடுகளில் பின்னர் நடந்த ஆய்வுகளில் அதே பலன் கிடைக்கவில்லை என்பதையும், அதற்குச் செடியின் வகை வேறுபாடும் ஒரு காரணமாக இருக்கலாம் என்ற விவாதம் எழுந்ததையும் குறிப்பிடும் பாடம் எதுவும் இதுவரை என் கண்ணில் படவில்லை. மாணவருக்கு முதலில் தெரிய வேண்டியதே இந்தப் பாதிதான்.

செடி மாறினால் என்ன ஆகும் என்பதற்குப் பெல்ஜியம் நாட்டு நிகழ்வு போதும். 1990-களின் தொடக்கத்தில், பிரஸ்ஸல்ஸ் நகரில் உடல் எடை குறைக்கும் மருத்துவமனை ஒன்றில் கொடுத்த மாத்திரைகளில், ஸ்டெஃபானியா என்னும் சீன மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டோலோக்கியா இனத்து வேர் தவறுதலாகச் சேர்ந்துவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களின் சிறுநீரகம் கெட்டது. பலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. அங்கே மாத்திரையை எழுதிக் கொடுத்தவர்கள் பட்டம் பெற்ற மருத்துவர்கள். நம் ஊரின் ஆடுதீண்டாப்பாளையும் ஈசுரமூலியும் இந்த அரிஸ்டோலோக்கியா இனத்தைச் சேர்ந்தவையே. இவ்விரண்டையும் 'விஷக்கடிக்கு நல்லது' என்ற ஒற்றை வரியோடு தாண்டிச் செல்லும் பாடப் புத்தகத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது சுத்தி, அதாவது சரக்கின் நஞ்சை நீக்கும் முறை. சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு என்பது எங்கள் தொழிலில் முதல் நாள் பாடம். சுக்கின் மேல்தோலைச் சீவுவதும் கடுக்காயின் கொட்டையை நீக்குவதும் எவரும் வீட்டில் செய்யக்கூடியவை, எழுத்திலும் சொல்லிவிடலாம். நேர்வாளமும் சேராங்கொட்டையும் எட்டியும் அப்படிப்பட்டவை அல்ல. நேர்வாளத்தில் உள்முளையை நீக்காமல் விட்டால் பேதி நிற்காது. சேராங்கொட்டையின் கறுத்த பால் பட்ட இடமெல்லாம் கொப்புளிக்கும். நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கில் உள்ள கோல்சிசின் ஆளைக் கொல்லும். மருந்து, அழகுப் பொருட்கள் விதிகளின் இ(1) அட்டவணை இவற்றை நச்சுச் சரக்குகள் என்று பெயர் சொல்லிப் பட்டியலிட்டு, இவை சேர்ந்த உள்மருந்துகளின் உறையில் மருத்துவர் மேற்பார்வையில்தான் உண்ண வேண்டும் என்ற எச்சரிக்கையை அச்சிடச் சொல்கிறது. கல்லூரியில் மருந்துச் சரக்குகளைக் கற்பிக்கும் குணபாடப் பிரிவில் ஆசிரியர் பக்கத்தில் நின்று, நிறமும் மணமும் மாறும் பக்குவத்தைக் காட்டிக் கற்பிக்கும் வேலை இது. பக்குவம் தப்பினால் அதே இடத்தில் கையைப் பிடித்து நிறுத்துவார். தபால் பாடமோ 'முறைப்படி சுத்தி செய்துகொள்ளவும்' என்று எழுதிவிட்டு அடுத்த மருந்துக்குப் போய்விடுகிறது. பற்பம், செந்தூரம் என்று பாதரசமும், தாளகம் என்னும் ஆர்செனிக் தாதுவும், வீரம் என்னும் பாதரச உப்பும் சேரும் மருந்துகளுக்கும் இதே வரிதான். அந்தப் பட்டியலோடு வருபவர்களுக்கு நான் சரக்குக் கொடுப்பதில்லை. கொடுக்கும் கடை ஊரில் ஒன்றாவது இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும்.

நோயறிதலைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்று எண்வகைத் தேர்வைப் பாராமல் பாடம் செய்துவிடலாம். ஆனால் நூறு கைகளைப் பிடித்துப் பார்க்காதவருக்கு வாத நாடி எது, பித்த நாடி எது என்று விரல் சொல்லாது. அதோடு, இன்று வைத்தியம் தேடி வருபவர்களில் பலர் ஏற்கெனவே ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் ஆங்கில மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள். தொண்டைக்கு இதமான அதிமதுரத்தைத் தொடர்ந்து உண்டால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். இருமலுக்கு அதிமதுரம் என்று மட்டும் படித்தவர், எதிரில் இருப்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வியையே அறியமாட்டார். எங்கள் பகுதியில் ஒருவர் இப்படிப்பட்ட சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டி, வாசலில் வைத்தியர் என்று பலகையும் வைத்து, சில காலம் மருந்து கொடுத்துவந்தார். அவரிடம் போய்வந்த ஒரு முதியவருக்குக் கால்வீக்கம் கண்டு அரசு மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. பலகை வைத்தவருக்குச் சான்றிதழ் தந்த அமைப்பு, 'நாங்கள் அறிவுக்காக மட்டுமே கற்பிக்கிறோம்' என்று கைகழுவிவிட்டது. சேர்க்கைக் கையேட்டின் முன்பக்கத்தில் 'சுயதொழில் தொடங்கலாம்' என்று அச்சிட்டிருப்பதும் அதே அமைப்புதான்.

அப்படியானால் தொலைநிலையில் எதைத்தான் கற்பிப்பது? நிறையவே உண்டு. தாவரப் பெயர்கள், வட்டார வழக்குகள், எந்தப் பருவத்தில் எந்த உறுப்பைச் சேகரிப்பது, வெயிலில் காயவேண்டியது எது, நிழலில் உலரவேண்டியது எது, கோரைக்கிழங்கிலும் சுக்கிலும் வண்டு விழாமல் காப்பது எப்படி, சித்த மரபில் சூரணத்துக்கு 3 மாதம், லேகியத்துக்கு 6 மாதம் என்று ஆயுள் வைத்ததன் காரணம் என்ன, காப்புக்காட்டில் செடி பறிப்பதற்கு உள்ள தடைகள் யாவை, நிலவேம்புக் குடிநீரில் சேரும் ஒன்பது சரக்குகளில் கலப்படம் நுழைவது எங்கே என்று ஓராண்டுக்கு வேண்டிய பாடம் இருக்கிறது. மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் விதைக்காகக் கண்வலிக்கிழங்கு என்னும் செங்காந்தளைப் பயிரிடும் விவசாயிக்கும், என்னைப் போன்ற கடைக்காரரிடம் வேலைக்குச் சேரும் பையனுக்கும் இப்படிப்பு உண்மையிலேயே சோறு போடும். இன்று என் கடைக்கு வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு விலாமிச்சை வேருக்கும் வெட்டிவேருக்கும் வேறுபாடு காட்டவே எனக்கு மாதங்கள் பிடிக்கின்றன.

இதை அரசோ அரசுப் பல்கலைக்கழகமோ நடத்துவதுதான் பொருத்தம். பாடங்களைத் தமிழில், வண்ணப் படங்களோடு, நல்ல காணொளிகளோடு எழுதித் தரக்கூடிய ஆசிரியர்கள் பாளையங்கோட்டை, அரும்பாக்கம் அரசு சித்த மருத்துவக் கல்லூரிகளிலும் தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திலும் இருக்கிறார்கள். மத்திய சித்த மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்துக்கு மேட்டூர் அணையில் மூலிகைத் தோட்டம் இருக்கிறது. பருவத்துக்கு ஒருமுறையாவது மாணவர்கள் இத்தகைய தோட்டத்தில் சில நாள் தங்கி, செடியைத் தொட்டும் முகர்ந்தும் கற்க வேண்டும். பெயர் எழுதாத உலர் சரக்குகளை முன்னால் வைத்து அடையாளம் சொல்லச் செய்யும் செய்முறைத் தேர்வில் தேறாதவருக்குச் சான்றிதழ் கிடையாது என்று விதி செய்ய வேண்டும். சான்றிதழின் முகப்பிலேயே, 'இது வைத்தியம் செய்வதற்கான தகுதியன்று' என்று தமிழில், பெயருக்கு இணையான அளவு எழுத்தில் அச்சிட வேண்டும். இந்த ஒரு வரியைப் போட மறுக்கும் அமைப்பின் நோக்கம் என்னவென்று மக்களே ஊகித்துக்கொள்வார்கள்.

பரம்பரை வைத்தியக் குடும்பத்தாருக்கு இது போதாது என்பதை அறிவேன். பாரம்பரிய வைத்தியர்களின் அறிவைச் சோதித்துச் சான்றளிக்கும் தன்னார்வத் திட்டம் ஒன்று இந்தியத் தரக் கவுன்சிலிடம் இருக்கிறது. அதுவும் வைத்தியம் பார்க்க உரிமம் தருவதில்லை. அவர்களுடைய சிக்கல் தனியே பேசவேண்டியது. தபால் சான்றிதழ் அதற்கு விடையாகாது என்பதை மட்டும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

இறுதியாகத் தங்களுக்கே ஒரு வேண்டுகோள். மூலிகை மருத்துவப் படிப்புக்கான வரிவிளம்பரத்தை ஏற்கும்போது, அப்படிப்பை அங்கீகரித்த அமைப்பின் பெயரையும் ஆணை எண்ணையும் விளம்பரதாரரிடம் கேட்டு, அதையும் சேர்த்து அச்சிடுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் 'அங்கீகாரம் இல்லை' என்ற இரண்டு சொற்களை அவர்கள் செலவிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். அரசு விதி செய்யும்வரை காத்திராமல், அடுத்த சேர்க்கைப் பருவத்துக்குள் தங்கள் விளம்பரப் பிரிவே இதைத் தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
நாட்டு மருந்துக் கடைக்காரர் ஒருவர்,
தென்காசி.