பழைய பாணி கிட்டாருக்குப் புது ட்யூனர்

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும் கிட்டாரின் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கின் முன்புறம் பின்புறம் எடுத்த படங்களும் வந்தன. வீட்டில் எல்லோரும் நலம் என்று படித்ததில் மகிழ்ச்சி. இங்கேயும் நலமே. கைவேலைகளைத் தள்ளி வைத்துவிட்டு உனக்கு விரிவாக எழுதுகிறேன். தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் ட்யூனர்களை மாற்றுவது பற்றி நீ கடைசி வரியில் கேட்டிருந்த கேள்விதான் அதற்குக் காரணம். "துளையைப் பெரிதாக்கி, மூடிய பெட்டி வகை ட்யூனரைப் போட்டுவிடலாமா?" வேண்டாம். ட்ரில்லை எடுக்காதே. எடுத்த மரத்தைத் திரும்ப வைக்க முடியாது. பழைய துளைகளுக்கே பொருந்தும் நல்ல ட்யூனர்கள் இன்று தாராளமாகக் கிடைக்கின்றன.

முதலில், குற்றம் ட்யூனர் மீதுதானா என்று பார்த்துவிடு. "சுருதி நிற்கவில்லை, ட்யூனர் நழுவுகிறது" என்று எழுதியிருக்கிறாய். ட்யூனருக்குள் இருப்பது புழுப்பல் கியர். குமிழைத் திருகினால் புழு சுற்றி, பல்சக்கரம் நகரும். தந்தி எவ்வளவு இழுத்தாலும் பல்சக்கரம் புழுவைத் திருப்பிச் சுழற்ற முடியாது. அதனால் தேய்ந்த ட்யூனர்கூடத் தானாக நழுவுவது அபூர்வம். குமிழில் கொஞ்சம் வெற்று ஆட்டம் இருந்தாலும், கீழிருந்து மேலே ஏற்றிச் சுருதி சேர்த்தால் தந்தியின் இழுவை பற்களை ஒரே பக்கமாக அழுத்தி வைத்துக்கொள்ளும். ஏற்றம் அதிகமாகிவிட்டால் அப்படியே இறக்கி நிறுத்தாமல், நன்றாகக் கீழே இறக்கி மறுபடி ஏற்று.

குமிழைத் திருகும்போது சுருதி அசையாமல் இருந்து, பிறகு 'டிங்' என்று ஒரு சத்தத்தோடு தாவினால், தந்தி நட்டின் (கழுத்து முனையில் தந்திகள் படியும் சிறு பட்டை) பள்ளத்தில் சிக்குகிறது. பள்ளத்தில் பென்சில் கரியைத் தேய்த்துப் பார். சிக்கல் குறைந்தால் ட்யூனருக்குச் செலவழிக்கும் முன் நட்டைச் சரிசெய். 0.046 அங்குலத் தந்திக்குப் பள்ளம் 0.048 முதல் 0.050 அங்குலம் வரை இருந்தால் தாராளமாக ஓடும்.

ட்யூனரை மாற்றியே தீரவேண்டிய அறிகுறிகள் வேறு. தந்தி கட்டும் தண்டை விரலால் பிடித்து நட்டுப் பக்கமும் எதிர்ப்பக்கமும் அசைத்துப் பார். புஷ்ஷுக்குள் (தண்டைச் சுற்றி ஹெட்ஸ்டாக் துளையில் இருக்கும் உலோக வளையம்) லொடலொடவென்று ஆடினால், தந்தியை வளைத்து வாசிக்கும்போது தண்டு சாய்ந்து சுருதி மாறும். குமிழைச் சுற்றும்போது ஓரிடத்தில் இறுகி ஓரிடத்தில் தளர்ந்தால், குமிழின் தண்டு வளைந்திருக்கிறது அல்லது பல் தேய்ந்திருக்கிறது. கிப்சன் பாணி பிளாஸ்டிக் குமிழ்கள் காலப்போக்கில் சுருங்கி நொறுங்கும். குமிழ் மட்டும் போயிருந்தால் குமிழை மட்டும் மாற்றலாம், ட்யூனர் நன்றாகவே இருக்கும். வெறும் இறுக்கம்தான் என்றால், மூடியில் இருக்கும் சிறு எண்ணெய்த் துளையில் ஒரு துளி மெல்லிய எண்ணெய் விட்டுப் பார். அந்தத் துளை அதற்காகத்தான் வைக்கப்பட்டது. துளியைத் தாண்டாதே, வழிந்தால் மரத்தில் ஊறும்.

உன் படத்தில் இரண்டு தண்டுகள் சாய்ந்திருப்பது கண்ணுக்கே தெரிகிறது. ஆகவே மாற்றலாம்.

வாங்கும் முன் மூன்று அளவு எடு. இந்த வேலையில் கெட்டுப்போவதெல்லாம் இங்கேதான் கெடுகிறது. வெர்னியர் காலிபரை வைத்து, ஹெட்ஸ்டாக் துளையின் விட்டம், தண்டின் விட்டம், ஹெட்ஸ்டாக்கின் தடிமன். துளையைப் பின்பக்கத்தில் அள. முன்பக்கம் புஷ் இருக்கும். க்ளூசன் என்ற ட்யூனர் நிறுவனத்தின் வழி வந்த பழைய வகைக்குத் துளை 11/32 அங்குலம், அதாவது ஏறத்தாழ 8.7 மி.மீ. முன்பக்கத்திலிருந்து மரை போட்டு இறுக்கும் புது வகைகளுக்குச் சுமார் 10 மி.மீ. வேண்டும். க்ளூசன் தண்டு கால் அங்குலம், 6.35 மி.மீ. ஆனால் அதே தோற்றத்தில் 6 மி.மீ. தண்டோடும் ட்யூனர்கள் விற்கின்றன. 6.35-க்கான பழைய புஷ்ஷில் 6 மி.மீ. தண்டைப் போட்டால், புதிய ட்யூனரே முதல் நாளிலிருந்து ஆடும். பலர் இதைப் 'பொருள் மட்டம்' என்று எண்ணித் திருப்பி அனுப்புகிறார்கள். பொருளில் குறை இல்லை, புஷ்ஷும் தண்டும் ஒரே ஜோடி அல்ல, அவ்வளவுதான்.

உன்னுடைய துளையை யாராவது முன்பே 10 மி.மீ. ஆக்கியிருந்தால் கவலைப்படாதே. வெளிவிட்டம் 10 மி.மீ., உள்விட்டம் 6.35 மி.மீ. கொண்ட மாற்றுப் புஷ்கள் இதற்கென்றே உண்டு. துளையை அடைத்து மறுபடி துளைக்கும் பெரிய வேலை தேவைப்படாது.

உன்னுடையதைப் போல ஆறும் ஒரே பக்கம் உள்ள ஹெட்ஸ்டாக்குக்கு, ஆறும் ஒரே கைப்பக்கமாக உள்ள செட்டைக் கேட்டு வாங்கு. மூன்றுக்கு மூன்று செட்டில் இடது வலது தனித்தனி. ஃபெண்டர் பாணியில் பெட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும், பக்கத்துப் பக்கத்து ட்யூனர்கள் ஒரே திருகைப் பகிர்ந்துகொள்ளும். அதனால் ஆறு ட்யூனருக்கு ஏழு திருகுகள். கிப்சன் பாணியில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு. ஒன்றுக்கான செட் மற்றதில் உட்காராது.

எதை வாங்குவது? உன் இடத்தில் நான் இருந்தால் கோட்டோ நிறுவனத்தின் எஸ்டி91 வகை ட்யூனரை எடுப்பேன். பார்வைக்குப் பழையதேதான், உள்ளே கியர் துல்லியம். விகிதம் 1:15. குமிழை ஒரு முழுச் சுற்று சுற்றினால் தந்தி சுமார் 1.3 மி.மீ. நகரும். 1:18 விகிதத்தில் வருபவற்றில் 1.1 மி.மீ. நுணுக்கமாகச் சுருதி சேர்க்க 18 கொஞ்சம் உதவும், ஆனால் அதற்காக மட்டும் மெனக்கெட வேண்டாம். நீ ஆசைப்பட்ட பூட்டு வசதி (தந்தியைத் தண்டிலேயே இறுக்கிப் பிடிப்பது) எஸ்டி91 வரிசையிலேயே கிடைக்கிறது, மரத்தை அறுக்காமலே. கனமான மூடிய பெட்டி வகை தலைப்பக்கத்து எடையைக் கூட்டும். வாரில் தொங்கவிட்டால் கழுத்து கீழே சாயும் கிட்டார்களில் இது தோளில் தெரியும். அதையும் யோசித்துக்கொள்.

இனி வேலை. 10–46 தந்திகள் (0.010 முதல் 0.046 அங்குலத் தடிமன்) சாதாரணச் சுருதியில் சேர்ந்து ஏறக்குறைய 47 கிலோ விசையில் இழுத்துக்கொண்டிருக்கும். ஒரே தந்தியை முழுவதும் அவிழ்த்துவிட்டு அடுத்ததற்குப் போகாமல், ஆறையும் சிறிது சிறிதாகத் தளர்த்து. தளர்ந்த பிறகு வெட்டு. ட்ரெமலோ (கைக்கம்பியால் பாலத்தை அசைக்கும் அமைப்பு) இருந்தால் அதன் அடியில் ஒரு மரத்துண்டைச் செருகி வை, இல்லாவிட்டால் ஸ்பிரிங்குகள் பாலத்தை உள்ளே இழுத்துவிடும். பழைய ட்யூனர்களைக் கழற்றும்போது எது எந்த இடம் என்று குறித்து, திருகுகளோடு ஒரு பையில் போட்டு வை. மூடியில் 'க்ளூசன் டீலக்ஸ்' என்று ஒற்றை வரியிலோ இரட்டை வரியிலோ முத்திரை இருந்தால் இன்னும் பத்திரமாக வை. கிட்டாரின் காலத்தைக் கணிப்பவர்கள் முதலில் பார்க்கும் இடங்களில் அதுவும் ஒன்று.

புது ட்யூனரின் தண்டைப் பழைய புஷ்ஷில் விட்டுப் பார். ஆட்டமில்லாமல் வழுக்கிக்கொண்டு போனால் புஷ்ஷைத் தொடவே தொடாதே. மாற்றியாக வேண்டும் என்றால், முதலில் புஷ்ஷின் விளிம்பைச் சுற்றிக் கூரிய பிளேடால் பூச்சை லேசாகக் கீறு. லாக்கர் பூச்சு உலோகத்தோடு ஒட்டியிருந்தால், புஷ் வரும்போது சிம்பு சிம்பாகப் பெயர்த்துக்கொண்டு வரும். ஹெட்ஸ்டாக்கை முகம் கீழாகத் துணி விரித்த பலகையில் வைத்து, புஷ் இறங்க அந்தப் பலகையில் ஒரு துளை விட்டுக்கொள். பிறகு 8 மி.மீ. தடிமனுள்ள கம்பியைப் பின்பக்கத் துளையில் விட்டு மெதுவாகத் தட்டு. 8 என்பது புஷ்ஷின் உள்விட்டத்தைவிடப் பெரியது, மரத்துளையைவிடச் சிறியது. விளிம்பைப் பிளேடால் நெம்பாதே, மேப்பிள் மரத்தில் பள்ளம் விழும். அசையாவிட்டால் சால்டரிங் அயர்ன் நுனியைப் புஷ்ஷின் உட்புறத்தில் சில நொடிகள் வைத்துவிட்டுத் தட்டு. நைட்ரோ லாக்கர் சூட்டுக்குக் கொப்பளிக்கும், அதனால் நொடிகளில் எடுத்துவிடு.

புதிய புஷ்ஷைச் சுத்தியலால் அடித்து இறக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்காது. கோணலாக ஏறினால் முகப்பு மரம் விரியும். 6 மி.மீ. தடிமனுள்ள நீளமான போல்ட் ஒன்றைப் புஷ் வழியாக விட்டு, முன்னால் வாஷர், பின்னால் துளையிட்ட மரத்துண்டு, வாஷர், போல்ட்டுக்கான நட்டு என்று மாட்டி இறுக்கினால் புஷ் நேராக உள்ளே போகும். அளவு மீறி இறுக்கமாக இருந்தால் நிறுத்து, குச்சியில் உப்புத்தாள் சுற்றித் துளையின் உட்சுவரைக் கொஞ்சம் தேய். சாதாரண ட்ரில் பிட்டால் அகலப்படுத்தப் போனால் அது மரத்தைக் கவ்வி விளிம்பை உடைக்கும். தளர்வாக இருந்தால் துளைச் சுவரில் நொடியில் ஒட்டும் சூப்பர் க்ளூவை மெல்லியதாகத் தடவி, முழுதும் காய்ந்த பிறகு புஷ்ஷை இறக்கு. ஈரத்தோடு இறக்கினால் அடுத்த முறை கழற்றுபவர் உன்னைத் திட்டுவார்.

ஆறு ட்யூனரையும் திருகில்லாமல் நிறுத்தி, பெட்டிகளின் ஓரத்தில் இரும்பு ஸ்கேலை ஒட்டி வரிசை பார். பழைய திருகுத் துளைகள் சரியாக அமைந்தால் நீ அதிர்ஷ்டசாலி. அரை மி.மீ. தள்ளிப்போனால் திருகைச் சாய்த்துப் போட்டுச் சமாளிக்காதே. திருகு பழைய துளைக்குள்ளேயே ஓடி ட்யூனரை இழுத்துக் கோணலாக்கும். பழைய துளையில் மரப்பசை தடவிய மேப்பிள் குச்சியை அடைத்து, இரவு முழுதும் காயவிட்டு, மட்டமாகச் சீவி, புதிதாகத் துளை. சாதாரணப் பல்குச்சி வேண்டாம், மேப்பிளில் மரை பிடிப்பது போல அதில் பிடிக்காது. இந்தச் சின்னத் திருகுகளுக்கு 1.6 மி.மீ. பிட் பெரும்பாலும் பொருந்தும், இருந்தாலும் திருகின் மரை நீங்கலான நடுத்தண்டை அளந்து உறுதி செய்துகொள். பிட்டில் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொள், மறுபுறம் வந்துவிடக் கூடாது.

திருகு உடைவதுதான் இந்த வேலையின் பெரிய சோகம். நிக்கல் முலாம் பூசிய மெல்லிய திருகு, கடின மேப்பிள், துளை சிறியது, மூன்றும் சேர்ந்தால் தலை முறிந்து கையோடு வரும். மரையில் மெழுகு தடவிப் போடு. சோப்பு வேண்டாம், ஈரம் இழுத்துத் துருவேற்றும். அளவான ஸ்க்ரூ டிரைவரால் கையால் மட்டும் முடுக்கு. திணறினால் இரண்டு சுற்று பின்வாங்கி மறுபடி போ. பெட்டி மரத்தில் படிந்ததும் நிறுத்திவிடு. இறுக்கம் அதிகமானால் மரை மரத்தை அரைத்துவிடும், பெட்டி நெளிந்து கியரும் இறுகும்.

தந்தி போடுவதில் பிளவுபட்ட தண்டுக்குத் தனி முறை உண்டு. பூட்டு வகை வாங்கினால் இதைத் தாண்டிப் போய்விடலாம். தந்தியை நட்டு வழியாக இழுத்து, கட்டவேண்டிய ட்யூனரைத் தாண்டி அடுத்த இரண்டு ட்யூனர் தூரம் விட்டு வெட்டு. கடைசி ட்யூனர்களுக்கு அடுத்தது இருக்காது, அதே தூரத்தைக் கணக்கிட்டுக்கொள். சுருள் சுற்றிய தடித் தந்தியை வெட்டும் முன் வெட்டும் இடத்துக்குச் சற்று உள்ளே செங்கோணமாக மடித்துவிடு, இல்லையென்றால் சுருள் உள்கம்பியில் தளர்ந்து தந்தி செத்த ஒலி தரும். முனையைத் தண்டின் நடுக்குழியில் அடிவரை இறக்கி, பிளவில் மடித்து, மேலிருந்து கீழாகச் சுற்று. தடித்தவற்றுக்கு இரண்டு மூன்று சுற்று, மெல்லியவற்றுக்கு நான்கு ஐந்து. சுற்றுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறக் கூடாது. கீழ்நோக்கிச் சுற்றினால்தான் நட்டின் மேல் தந்தி அழுந்தும்.

சுருதி சேர்த்ததும் ஒவ்வொரு தந்தியையும் நடுவில் பிடித்து மென்மையாக இழுத்துவிட்டு மறுபடி சேர். நாலைந்து முறையில் அடங்கிவிடும். மறுநாள் ஏழு திருகையும் ஒருமுறை தொட்டுப் பார், மரம் படிந்ததில் ஒன்றிரண்டு கால் சுற்று கேட்கும். கழுத்தின் வளைவையும் அப்போதே பார்த்துவிடு. தந்திகள் முழுதும் அவிழ்ந்திருந்த கழுத்து பழைய நிலைக்கு வர ஒரு நாள் ஆகலாம். உடனே கழுத்துக்குள் இருக்கும் ட்ரஸ் ராட் கம்பியைத் திருகத் தொடங்காதே.

செட்டை வாங்கும் முன் துளை, தண்டு, தடிமன் மூன்றையும் அளந்து எனக்கு எழுது. தடிமன் 14 மி.மீ. பக்கம் இருக்கும் என்று படத்தைப் பார்த்து நினைக்கிறேன், ஆனால் ஆறு இடத்திலும் அளந்து சொல். பழைய ஹெட்ஸ்டாக்குகள் எல்லா இடத்திலும் ஒரே தடிமனாக இருப்பதில்லை.

அன்புடன்,
உன் நண்பன்